1.3 மல்டிஜெட் டீசல்: அறிகுறியைப் பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

"டர்போ போச்சு" என்று வரும் 1.3 டீசல் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு ஹோஸும் கிளாம்ப்பும்தான். "பம்ப் போச்சு" என்று வருபவற்றில் டீசல் ஃபில்டரும் பேட்டரியும்தான் அதிகம். ஆனால் "லேசா ஒரு சத்தம், அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்று ஓட்டிக்கொண்டே இருந்த கார்கள்தான் கடைசியில் எஞ்சினையே பிரிக்கும்படி ஆகின்றன. இந்த எஞ்சினில் எதற்குப் பதற வேண்டாம், எதற்கு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்று பிரித்துக் காட்டுவதற்காகத்தான் இது.

எந்த எஞ்சின் என்பதில் குழப்பம் வேண்டாம். ஃபியட் உருவாக்கிய 1248 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வ் காமன் ரெயில் டீசல் (பம்ப் அழுத்தித் தரும் டீசல் 'ரெயில்' என்ற ஒரே குழாயில் சேர்ந்து, அங்கிருந்து நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போகும்). 2003-ல் ஐரோப்பாவில் வந்தது. 2007-ல் மாருதி ஸ்விஃப்ட்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் ஏறியது. அதன்பின் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, எஸ்எக்ஸ்4, சியாஸ், பிரெஸ்ஸா. ஃபியட்டின் புன்டோ, லீனியா. டாடாவில் குவாட்ராஜெட் என்ற பெயரில் விஸ்டா, மான்சா, ஜெஸ்ட், போல்ட். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு இந்தியாவில் இதன் கதை முடிந்தது. ஆகவே இன்று ஓடுபவை எல்லாமே வயதான எஞ்சின்கள். ரப்பர், சென்சார், வயரிங் இவற்றின் கோளாறுதான் முதலில் வரும்.

டர்போவை (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பகுதி) வைத்து இரண்டு வகை உண்டு. 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர் தருவதில் சாதாரண வேஸ்ட்கேட் டர்போ (அழுத்தம் மிஞ்சினால் புகையை விலக்கிவிடும் கதவு உள்ளது). 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர் தருவதில் விஜிடி டர்போ (உள்ளே இருக்கும் இதழ்கள் அசைந்து அழுத்தத்தை மாற்றுவது). எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிக்கப் பிரச்சினையில் வழி அங்கேதான் பிரிகிறது.

கையில் மூன்று பொருள் இருந்தால் போதும்: ஓடும்போதே அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் (மலிவான புளூடூத் வகைகூட ஓரளவு உதவும்), மல்டிமீட்டர், டார்ச்.

தொடங்கும் முன் ஒன்று. பழைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். இதில் அந்தப் பழக்கமே கூடாது. ரெயிலில் இருக்கும் அழுத்தம் 1,400 முதல் 1,600 பார் வரை போகும். ஊசி முனை அளவு கசிந்தாலும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது உலோகக் குழாய்களின் பக்கம் கைவிரலால் கசிவு தேடவே தேடாதீர்கள். அட்டைத் துண்டு வைத்துப் பாருங்கள்.

## "செல்ஃப் சுத்துது, எஞ்சின் பிடிக்கல"

### செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா?

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் காட்டும் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போனால், வேறு எதையும் சோதிப்பதில் அர்த்தமில்லை. டீசலுக்குக் கம்ப்ரஷன் அதிகம், சுற்றும் வேகம் குறைந்தால் ரெயிலில் அழுத்தமும் ஏறாது, உள்ளே சூடும் வராது. பேட்டரி நன்றாக இருந்தும் இழுக்கிறது என்றால் எர்த் கேபிளைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்கும் போகும் கேபிளின் முனைகள் பச்சை பூத்திருக்கும். கழற்றித் தேய்த்துப் போட்டாலே பல வண்டி பிடித்துவிடும்.

### நல்ல வேகத்தில் சுற்றுகிறதா?

டேஷ்போர்டில் சாவி அல்லது கார் படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது டீசல். இப்போதுதான் ஃபில்டர் மாற்றினீர்களா, டேங்க் காலியாகி நின்றதா? அப்படியானால் ஏர் பிடித்திருக்கிறது. கையால் அமுக்கும் பிரைமர் உள்ள வண்டியில் அது கெட்டியாகும் வரை அமுக்குங்கள். டேங்க்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன் செய்து, பம்ப் ஓடும் சத்தம் நிற்கும் வரை காத்திருந்து, ஆஃப் செய்து, ஐந்தாறு முறை திரும்பச் செய்யுங்கள். செல்ஃபைத் தொடர்ந்து அடித்தே ஏர் எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரெயில் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. காய்ந்து சுற்றினால் உள்ளே தேய்ந்து, அந்த உலோகத் தூள் இன்ஜெக்டர்கள் வரை போய்விடும்.

இதற்கும் பிடிக்கவில்லை என்றால் ஸ்கேனரை மாட்டி, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி இரண்டு எண்களைப் பாருங்கள்.

ஆர்பிஎம் பூஜ்யம். செல்ஃப் சுற்றும்போதே ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டினால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். ஸ்கேனரில் பி0335 என்ற பழுதுக் குறியீடும் (கோடு) இருக்கலாம். பழைய வண்டிகளில் சென்சாரைவிட அதன் கனெக்டரில் ஆயில் இறங்கியிருப்பது சகஜம். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் பிடிக்காமல், அரைமணி ஆறிய பின் பிடிக்கிறது என்றாலும் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

ஆர்பிஎம் இருக்கிறது, ரெயில் பிரஷர் ஏறவில்லை. செல்ஃப் அடிக்கும்போது சுமார் 200 பாரைத் தொடாவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டரான இசியு இன்ஜெக்டரைத் திறக்காது. காரணங்களை மலிவிலிருந்து வரிசையாகப் பாருங்கள்: அடைத்த ஃபில்டர், டேங்க் பம்ப்பின் ஃபியூஸ், ஏர் இழுக்கும் ஹோஸ் முனை, பிரஷர் ரெகுலேட்டர், ரிட்டர்னில் (டேங்க்குக்குத் திரும்பும் குழாயில்) டீசலை அதிகம் விடும் ஒரு இன்ஜெக்டர், கடைசியாகத்தான் பம்ப். பம்ப்பை மாற்றச் சொல்பவரிடம் "நாலு இன்ஜெக்டருக்கும் ரிட்டர்ன் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போவது நல்லது.

இரண்டும் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை. இங்கே நிறுத்துங்கள். பி0016 என்ற கோடு, அதாவது கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமும் (வால்வைத் திறக்கும் தண்டு) பொருந்தவில்லை என்று காட்டினால், அல்லது செல்ஃப் வழக்கத்தைவிட லகுவாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றும் ஓசை கேட்டால், இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் பல் தாண்டியிருக்கலாம். இன்னொரு முறை செல்ஃப் அடித்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் சேதம் கூடும். தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். டோ செய்து கொண்டுபோங்கள்.

## "காலையில மட்டும் லேட்டா பிடிக்குது"

எல்லோரும் முதலில் சொல்வது குளோ பிளக், நம் பேச்சில் ஹீட்டர் பிளக். வெயில் ஊரில் ஓடும் வண்டிக்கு இது பெரும்பாலும் காரணமே இல்லை. நேரடியாக சிலிண்டருக்குள் டீசல் பாயும் எஞ்சின் என்பதால் சூடான இடத்தில் நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் பிடித்துவிடும். மலைப்பகுதியில் ஒரு இரவு தங்கினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே இப்படிப் பிரியுங்கள். பிடித்தவுடன் வெள்ளைப் புகை விட்டு, அரை நிமிடம் நடுங்கி, பிறகு சரியாகிறதா? ஊர் குளிரா? அப்போது குளோ பிளக். கனெக்டரைக் கழற்றி, பிளக் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓம் பாருங்கள். ஒன்றுக்கும் குறைவாகக் காட்டினால் உயிரோடு இருக்கிறது. திறந்த சர்க்யூட் என்றால் செத்துவிட்டது. நான்கும் நன்றாக இருந்தால் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள்.

புகை இல்லாமல், நான்கைந்து விநாடி செல்ஃப் அடித்தபின் சட்டென்று ஒழுங்காகப் பிடிக்கிறதா? இரவில் டீசல் லைனிலிருந்து பின்னால் இறங்கிவிடுகிறது. ஃபில்டருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்னாப் கனெக்டர்களின் ஓரிங், வடிகால் திருகு, ரிட்டர்ன் ஹோஸ் இவற்றில் ஈரம் தேடுங்கள். பலநேரம் ஈரம்கூட இருக்காது, ஏனென்றால் டீசல் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகிறது. சந்தேகப்படும் இடத்தில் ஒளி ஊடுருவும் குழாய்த்துண்டு ஒன்றைப் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

குளோ பிளக்கை மாற்றுவது பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். கார்பன் பிடித்து ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) இறுகியிருக்கும். எஞ்சினைச் சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, கொஞ்சம் முன்னும் பின்னுமாகத்தான் அசைக்க வேண்டும். வலுக்கட்டாயமாகத் திருகி உள்ளே முறிந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். இதில் அனுபவம் இல்லையென்றால் இன்ஜெக்டர் வேலை தெரிந்தவரிடமே கொடுத்துவிடுங்கள்.

## "பிக்கப் இல்ல, இழுக்கவே மாட்டேங்குது"

அதிகம் வருவது இதுதான், அதிகம் பணம் வீணாவதும் இதில்தான்.

முதலில் எஞ்சினையே விட்டுவிடுங்கள். மூன்றாவது கியரில் ஏற்றத்தில் அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் நழுவுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகு பானெட்டைத் திறக்கலாம்.

இந்த எஞ்சின் 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பலாகத்தான் இருக்கும். அது குறையல்ல, அதன் சுபாவம். புதிதாக வாங்கியவர்கள், அதுவும் பெட்ரோல் காரிலிருந்து வந்தவர்கள், இதையே பழுது என்று நினைப்பதுண்டு. 2,000-க்கு மேல் முதுகில் தள்ளும் அந்த வேகம் வருகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

### எஞ்சின் விளக்கு எரியவில்லை, மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது

ஏர் ஃபில்டர். எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடுத்து டீசல் ஃபில்டர். அழுத்தி ஓட்டும்போது மட்டும் இழுக்கவில்லை, மெதுவாக ஓட்டினால் சரி என்றால் இதுதான். ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து வடித்துப் பாருங்கள், தண்ணீர் வந்தால் டீசல் போட்ட பங்க்கின் மேல் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் விளக்கு எரிந்தால் அதை வடிக்காமல் ஓட்டவே கூடாது.

இரண்டும் சரி என்றால் ஈஜிஆர் வால்வ் (புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடுவது). புகைக்கரியும் பிரீதரிலிருந்து (எஞ்சின் உள்காற்று வெளியேறும் குழாய்) வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் போலக் கட்டியாகும். வால்வ் முழுதாக மூடாமல் திறந்தே நின்றால் கீழ் ஆர்பிஎம்மில் கரும்புகை, பிக்கப் இன்மை, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைவது எல்லாம் வரும். மூடியே நின்றால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, விளக்கு மட்டும் எரியும், கோடு பி0401. கழற்றி வெளியே வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஓடும் எஞ்சினில் ஸ்ப்ரே அடித்தால் கட்டிகள் பெயர்ந்து உள்ளேதான் போகும். ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். புகைச் சட்டத்துக்கு அது எதிரானது என்பது ஒருபுறம், கோடு வந்து பவர் குறைவது இன்னொரு புறம். நான் செய்து தருவதில்லை.

### திடீரென்று போனது, "உஸ்ஸ்" என்று சத்தம் வருகிறது

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்), அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ். கிளாம்ப் நழுவியிருக்கும், அல்லது ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத வளைவில், கீறல் விட்டிருக்கும். எஞ்சினை அணைத்து, ஹோஸைக் கையால் வளைத்து அடிப்பக்கத்தைத் தடவுங்கள். கீறல் உள்ள இடத்தில் கறுப்பு ஆயில் படிந்திருக்கும். அதற்குள் லேசாக ஆயில் பூச்சு இருப்பதைப் பார்த்து "டர்போ ஆயில் விடுது" என்று பயமுறுத்துவார்கள். பிரீதர் வழியாக வரும் ஆவி அது. மெல்லிய பூச்சு சகஜம். கவிழ்த்தால் வடிந்து சொட்டினால்தான் கவலை.

கீறலில் டேப் சுற்றுவது வீடு வந்து சேர மட்டும்தான். அழுத்தம் வந்ததும் பிய்த்துக்கொள்ளும்.

### விளக்கு எரிகிறது, ஒரு அளவுக்கு மேல் போகவில்லை, சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது

இது லிம்ப் மோட். இசியு எதையோ பார்த்துப் பயந்து பவரைக் குறைத்திருக்கிறது. பழுதுக் குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். அழித்துவிட்டு வருபவர்களுக்கு உதவுவது கஷ்டம்.

பி0299 என்றால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) போதவில்லை. முதலில் மேலே சொன்ன ஹோஸ்கள், பிறகு இன்டர்கூலர். அதன் முன்பக்கம் கல்லடி பட்டு ஓட்டை விழுந்திருக்கலாம். ஸ்கேனரில் மேனிஃபோல்ட் பிரஷரைப் பாருங்கள். ஐடிலிங்கில் சுமார் 1 பார் (அது வெறும் வளிமண்டல அழுத்தம்), ஏற்றத்தில் முழுதாக அழுத்தும்போது 2 பாரைத் தொட வேண்டும். 1.2-ஐத் தாண்டவில்லை என்றால் காற்று எங்கோ ஓடிப்போகிறது, அல்லது டர்போ சுற்றவில்லை.

இங்கே வழி பிரிகிறது. 90 பிஎஸ் எஞ்சினில் விஜிடியின் அசைவு வேக்குவத்தால் நடக்கிறது. எஞ்சினைப் பிடிக்கும்போது ஆக்சுவேட்டர் கம்பி இழுக்கப்படுகிறதா என்று ஒருவரை நிறுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் மெல்லிய வேக்குவம் ஹோஸ்களைத் தொடருங்கள், எங்காவது வெடித்தோ கழன்றோ இருக்கும். ஹோஸ் சரி, சொலினாய்டு வால்வும் சரி, கம்பி மட்டும் அசையவில்லை என்றால் விஜிடி இதழ்கள் கரியில் இறுகிவிட்டன. எப்போதும் மெதுவாகவே ஓட்டப்படும் வண்டிகளில் இது அதிகம்.

75 பிஎஸ் எஞ்சினில் வேஸ்ட்கேட், ஸ்பிரிங்கால் மூடியிருக்கும். பூஸ்ட் அழுத்தமே அதைத் திறக்கும். அந்தச் சின்ன ஹோஸ் கழன்றால் பூஸ்ட் குறையாது, அதிகமாகும். கோடு பி0234. ஒரு துண்டு ஹோஸில் தீரும் வேலை, கவனிக்காவிட்டால் டர்போவைத் தின்றுவிடும்.

இவை எல்லாம் முடிந்தபின், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்மாஸ் சென்சார். தூசி படிந்து தவறான அளவு சொல்லும். அதற்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் தெளியுங்கள், துணியால் துடைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் போய்விடும்.

### கடைசியாக டர்போவேதானா?

சைரன் போல ஊளையிடும் சத்தம், வெளியே நீலப் புகை, ஆயில் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் ஆம். ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, எஞ்சின் ஆறிய நிலையில் டர்போவின் நடு அச்சை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் மிகமிக லேசான அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் நகரக் கூடாது, இறக்கை சுவரில் உரசியிருக்கவும் கூடாது. உரசியிருந்தால் ஓட்டாதீர்கள்.

டர்போ சும்மா போகாது. அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாய் அடைத்தோ, ஆயில் கெட்டோதான் போயிருக்கும். குழாயைச் சுத்தம் செய்யாமல் அல்லது மாற்றாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். மாட்டுபவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

## "புகை விடுது"

கருப்பு: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. மேலே உள்ள பிக்கப் பகுதியை அப்படியே செய்யுங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. அழுத்தும் கணத்தில் கொஞ்சம் கரும்புகை வந்து மறைவது இந்த வயதில் இயல்பு.

வெள்ளை: குளிர்ந்த நேரத்தில் மட்டும் வந்து நின்றால் எரியாத டீசல், குளோ பிளக் அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். கண் எரியும், டீசல் வாடை அடிக்கும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, கூலண்டும் குறைந்தால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

நீலம்: ஆயில் எரிகிறது. முதலில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள், யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். அடுத்து அடைத்த பிரீதர், பிறகு டர்போ சீல், கடைசியில் பிஸ்டன் ரிங்.

## "நின்னா நடுங்குது, டக் டக்னு அடிக்குது"

வண்டி நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது சரியாக இருந்து, ஸ்கேனரில் எதுவும் இல்லையென்றால் எஞ்சின் மவுண்ட். கியர் போட்டு கிளட்ச்சை லேசாக விடும்போது எஞ்சின் துள்ளுகிறதா என்று பாருங்கள்.

"சஃப் சஃப்" என்று ரயில் போல ஓசை, பானெட்டுக்குள் புகை வாடை, ஒரு இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகத் தார் கட்டியிருந்தால் அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிகிறது. சிறு வாஷர்தான். ஆனால் நாள் ஆக ஆகக் கரி இறுகி இன்ஜெக்டரைக் கழற்றவே முடியாதபடி செய்துவிடும். சீக்கிரம் செய்தால் மலிவு.

மிஸ்ஸிங் இருந்தால் ஸ்கேனரில் நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவுகளைப் (ஒவ்வொன்றுக்கும் இசியு டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். மூன்று ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் அந்த சிலிண்டரில் பிரச்சினை. ஆனால் அது இன்ஜெக்டராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கம்ப்ரஷன் குறைந்தாலும் இதே எண்தான் வரும். முதலில் ரிட்டர்ன் சோதனை செய்யுங்கள்: நான்கு ரிட்டர்ன் முனைகளிலும் குழாய் மாட்டி, நான்கு ஒரே மாதிரி பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டுங்கள். மற்றவற்றைப்போல இரண்டு மூன்று மடங்கு நிரப்பும் பாட்டில் எதுவோ, குற்றவாளி அதன் இன்ஜெக்டர். எல்லாம் சமமாக இருந்தால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றுவது, பெஞ்ச்சில் சோதிப்பது எல்லாம் டீசல் லேபின் வேலை.

புதிதாகவோ ரீகண்டிஷன் செய்தோ மாட்டினால் அதன்மேல் பொறித்த குறியீட்டை இசியுவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புது இன்ஜெக்டரோடும் நடுங்கும். கழற்றியவற்றை வரிசை மாற்றிப் போட்டாலும் இதே கதைதான்.

## "முன்பக்கம் கலகலன்னு சத்தம்"

இதைப் படிக்கும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். "செயின்தானே, ஆயுள் முழுக்க வரும்" என்ற பேச்சு பாதி உண்மை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. எஞ்சினில் இருக்கும் ஆயிலோ ஏறக்குறைய 3 லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிச்சம் இருப்பதும் சீக்கிரம் கெட்டுவிடும். ஆயில் மாற்றத் தாமதித்த வண்டிகளில்தான் செயின் நீள்கிறது.

### காலையில் பிடித்தவுடன் ஒன்றிரண்டு விநாடி மட்டும்

ஆயில் மேலே ஏறும்வரை வரும் சத்தம். டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40 தானா, யாராவது கெட்டியான 15டபிள்யூ-40 ஊற்றிவிட்டார்களா என்று விசாரியுங்கள். தரமில்லாத ஆயில் ஃபில்டரில் இரவில் ஆயில் வடிந்துவிடும். நல்ல ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு மறுபடி கேளுங்கள். போனால் சரி. போகாவிட்டால் டென்ஷனரைப் பார்க்க வைக்க வேண்டும்.

### நிற்காமல் வருகிறது, அல்லது ஆர்பிஎம் இறங்கும்போது உரசும் ஓசை

செயின், கைடு, டென்ஷனர் மூன்றும் சந்தேகத்தில். ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினாலே வால்வ் பிஸ்டனைத் தொடும், ராக்கர்கள் முறியும். ராக்கர் முறிந்ததோடு நின்றால் அதிர்ஷ்டம். வால்வும் வளைந்தால் ஹெட் வேலை.

செயின் கிட் மாற்றும்போது கிராங்க்கையும் கேமையும் பூட்டும் கருவிகள் இல்லாமல் கைவைப்பவரிடம் கொடுக்காதீர்கள். "மார்க் போட்டுக்கலாம்" என்று பெயிண்ட் தொட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த எஞ்சினுக்கு அது ஒத்துவராது. செயினை மட்டும் மாற்றி, பழைய கைடும் டென்ஷனரும் அப்படியே இருக்கட்டும் என்பதும் வேண்டாம். பிரித்துக் கூட்டுவதற்கே கூலி போகிறது.

## "ஆயில் விளக்கு", "ஆயில் குறையுது", "ஆயில் கூடுது"

சிவப்பு ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் ஓரம் கட்டி உடனே அணையுங்கள், வீடு பக்கம் என்றாலும். அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, பிடித்து, விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிகிறது என்றால் அது சென்சாராகவும் இருக்கலாம், பம்ப்பாகவும் இருக்கலாம். அழுத்தமானி மாட்டிப் பார்க்கும்வரை எஞ்சினைத் திரும்ப ஓட்ட வேண்டாம்.

குறைகிறது, தரையில் சொட்டும் இல்லை என்றால் பின்வருவனவற்றை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: கேம் கவர் ஓரம், டர்போ ரிட்டர்ன் குழாய், ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கும் அதோடு சேர்ந்த கூலரும், கடைசியாக சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி). ஆயில் மேலிருந்து கீழே வழிந்து எல்லா இடமும் நனைந்திருக்கும். முதலில் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டி, பிறகு தேடுங்கள்.

அளவு கூடுகிறது என்றால் டீசல் கலக்கிறது. டிப் ஸ்டிக்கை மோந்தாலே தெரியும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள ஐரோப்பிய வண்டிகளில், அந்தக் கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் பாதியில் நிற்பதால் இது வரும். இங்கே ஓடுபவற்றில் பெரும்பாலும் டிபிஎஃப் இல்லை என்பதால் ஒழுகும் இன்ஜெக்டரைத்தான் தேட வேண்டும். அதிகபட்சக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாதீர்கள். அந்த ஆயிலை எஞ்சின் பிரீதர் வழியே உறிஞ்சி, டீசல் இல்லாமலே தானாக ஏறி ஓடத் தொடங்கும் ஆபத்து உண்டு. சாவியை எடுத்தாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, உச்ச கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துங்கள். அதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் பானெட்டைத் திறந்து கிட்டே போக வேண்டாம்.

ஆயில் மாற்றும் இடைவெளி 10,000 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். நெரிசலிலேயே ஓடும் வண்டி என்றால் இன்னும் முன்பே.

## "ஹீட் ஏறுது", "ஹீட்டே ஏற மாட்டேங்குது"

ஏறாதது சின்ன விஷயம். நெடுஞ்சாலையில் முள் நடுவுக்கு வராமல் கீழேயே நின்று, மைலேஜும் குறைந்தால் தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது. கோடு பி0128. மாற்றினால் தீர்ந்தது, எஞ்சின் 90 டிகிரி அருகே ஓடத் தொடங்கும், கரி படிவதும் குறையும்.

ஏறினால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது கூலண்ட் மூடியைத் தொடாதீர்கள். ஆறியபின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஹோஸ் முனைகள், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் அடியில் வடிந்த தடம். அளவு சரி, டிராஃபிக்கில் மட்டும் ஏறுகிறது என்றால் ஃபேன்; ஏசியைப் போட்டு அது சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபேனும் சரி, வேகத்தில் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டது, அல்லது ரேடியேட்டர் அடைப்பு.

கூலண்ட் டேங்க்கில் பால்கோவா நிறத்தில் ஆயில் மிதந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல்) போச்சு என்று பிரிக்கச் சொல்வார்கள். முதலில் ஆயில் கூலரை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அது உள்ளே ஓட்டை விழுந்தாலும் இதே காட்சிதான், வேலையோ பத்தில் ஒரு பங்கு.

ஹெட் கேஸ்கெட் என்று சொல்ல வேறு அடையாளங்கள் உண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சினைப் பிடித்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல் போல இறுகும். கூலண்ட் டேங்க்கில் நிற்காமல் குமிழி வரும். கூலண்டில் புகை கலந்திருக்கிறதா என்று காட்டும் நீல நிறச் சோதனைத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். இவற்றில் இரண்டு பொருந்தினால் ஓட்டுவதை நிறுத்தி ஹெட்டைக் கழற்றக் கொடுங்கள். கழற்றினால் லேத்தில் ஹெட்டின் சமதளத்தையும் விரிசலையும் பார்க்காமல் புது கேஸ்கெட் போட விடாதீர்கள். பழைய ஹெட் போல்ட்டுகளையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்து கூலண்ட் நிரப்பும்போது ஏர் எடுத்தார்களா என்று பாருங்கள். உள்ளே ஏர் நின்றால் ஹீட்டர் குளிர்காற்றுதான் தரும், முள் ஏறி ஏறி இறங்கும்.